மூலிகை என்று எழுதியிருந்த மூட்டை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று ஆய்வகத்தில் எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஓய்வு பெற்ற பிறகும் அது குறையவில்லை. நீங்கள் புதிதாக வேலைக்கு வந்திருக்கிறீர்கள். தண்ணீரிலும் பாலிலும் மருந்திலும் கிருமி இருக்கிறதா, செத்ததா என்று பார்க்கிற வேலை. அதை எப்படிச் செய்வது என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை, படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். சோதனை முடிந்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபின் வெளியே என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். அதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொரோனா அடங்கியும் அடங்காமலும் இருந்த நாட்கள். தென்காசியில் பேருந்து, கடை, கல்யாண மண்டபம் என்று எதைப் பார்த்தாலும் ஒருவர் முதுகில் டப்பாவை மாட்டிக்கொண்டு எதையாவது தெளித்துக்கொண்டிருந்தார். கிருமியைக் கொல்கிறேன் என்று யார் சொன்னாலும் வாசல் திறந்த காலம் அது. அப்போதுதான் சங்கர் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். சுரண்டைப் பக்கத்து ஆள், பொறியியல் படித்தவர், சென்னையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். முப்பது வயதிருக்கும். மரியாதையாகப் பேசினார். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வெள்ளைப் பொடி கொண்டு வந்திருந்தார்.

“ஜிங்க் ஆக்சைடு, மேடம். நானோ. வேப்பிலைச் சாறும் துளசிச் சாறும் சேத்துப் பண்ணுனது. வெளிய யார்ட்டயும் சொல்லிராதீங்க” என்றார்.

துத்தநாக ஆக்சைடு புதிய பொருள் இல்லை. வேர்க்குருவுக்குப் பூசுகிற களிம்பில் இருக்கிறது. அதையே கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு, பாக்டீரியாவைவிடவும் பல மடங்கு சிறிய துகள்களாக ஆக்கினால் அதன் குணம் மாறிவிடுகிறது. ஒரு பிடி பொடிக்குள் பெரிய மைதானத்தின் பரப்பு அடங்கிவிடும். அந்தப் பரப்பில் வந்து ஒட்டுகிற பாக்டீரியாவின் மேலுறை பிய்ந்துபோகும். இதெல்லாம் நீங்கள் படித்ததுதான்.

குளியலறை டைல்ஸ் ஓட்டுத் துண்டுகள் சிலவற்றில் அதைப் பசையோடு கலந்து பூசிக் கொடுத்தார். சோதித்துப் பார்த்தேன். பூசாத துண்டுகளில் கிருமி கொழுத்துக் கிடந்தது. பூசிய துண்டுகளில் தேடினாலும் இல்லை. நான் மகிழ்ந்தேன் என்பதை மறைக்க மாட்டேன். சாரல் காலத்துக் குற்றால லாட்ஜ் அறைகளில் தங்கியவர்களுக்குத் தெரியும், சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சையும் ஈர நாற்றமும். அருவியில் குளித்துவிட்டு ஈரத்தோடு வருகிற கூட்டம் முழுக்க ஒரே குளியலறையை மிதித்துப் போகும். அந்த ஓட்டின்மேல் பிடிப்பாகப் பூசிவிட்டால் உண்மையிலேயே நன்மைதான். இன்றைக்கும் அதையே சொல்வேன். நான் அந்தப் பொருளுக்கு எதிரி இல்லை.

என் அறிக்கையில் எழுதியது இவ்வளவுதான்: பசையோடு பூசிய ஓட்டின்மேல் சோதித்த இரண்டு வகை பாக்டீரியாக்கள் பிழைக்கவில்லை. அதற்குமேல் ஒரு சொல் இல்லை.

அடுத்த சீசனில் குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்குத் தண்ணீர் மாதிரி எடுக்கப் போனேன். அறைக் கதவில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. இலைப் படம் போட்டு, “குற்றால மூலிகை நானோ. ஆய்வகச் சான்று பெற்றது. முற்றிலும் பாதுகாப்பானது. குழந்தைகளுக்கும் ஏற்றது” என்று இருந்தது. அங்கேயே நின்று சங்கருக்குப் போன் செய்தேன்.

“பாதுகாப்பானதுன்னு நான் எங்க எழுதினேன், தம்பி?”

“கிருமியக் கொல்லுதுன்னு எழுதியிருக்கீங்களே மேடம். கிருமி செத்தா மனுசனுக்குப் பாதுகாப்புதான?” என்று சிரித்தார். “குற்றாலத்துல வந்து ஜிங்க் ஆக்சைடுன்னு வித்தா எவன் வாங்குவான்? மூலிகைன்னாத்தான் கையில எடுக்கான்.”

இலைச் சாற்றில் தயாரித்தால் துத்தநாகம் துத்தநாகமாக இல்லாமல் போய்விடுமா? வேப்பிலைச் சாறு அதைச் செய்ய உதவியது, அவ்வளவுதான். செய்து முடித்தபின் டப்பாவில் இருப்பது உலோகப் பொருள். இதைப் படித்துப் பட்டம் வாங்கிய ஒருவர், தெரிந்தே, அருவிக்கு வருகிற ஜனங்களின் நம்பிக்கையைப் பிடித்து ஸ்டிக்கராக ஒட்டியிருந்தார். ஸ்டிக்கரை எடுக்கச் சொன்னேன். எடுக்கிறேன் என்றார். எடுக்கவில்லை.

அதே லாட்ஜ் மேலாளர் இன்னொன்றும் சொன்னார். பூசக் கலக்கியதில் மிச்சமாகிற கரைசலையெல்லாம் கழிவறையில் கொட்டுவார்களாம். அதன் பிறகு செப்டிக் டேங்க் பொங்கி, சீசன் நேரத்தில் முன்வாசல் வரைக்கும் நாறியதாம். நாறாமல் என்ன செய்யும்? அந்தத் தொட்டிக்குள் கழிவைத் தின்று செரிப்பதும் பாக்டீரியாதான். நல்லது எது, கெட்டது எது என்று அந்தப் பொடிக்குத் தெரியுமா? இதை நான் சொன்னபோதும் சங்கர் சிரித்தார்.

ஆனால் என் கோபத்துக்குக் காரணம் செப்டிக் டேங்க் இல்லை.

கொஞ்ச நாளில் சங்கர் இரண்டு பாட்டில் தண்ணீரோடு ஆய்வகத்துக்கு வந்தார். பண்பொழி போகிற வழியில் ஒரு பழைய நெல் கொட்டகையை எடுத்து, அங்கே பொடியைப் பொட்டலம் கட்டும் வேலை நடத்திக்கொண்டிருந்தார். வேலைக்கு வரும் பெண்களுக்கு அடிக்கடி காய்ச்சல் வருகிறது, தண்ணீரில்தான் கோளாறு இருக்கும், பார்த்துச் சொல்லுங்கள் என்றார். பார்த்தேன். தண்ணீர் சுத்தமாக இருந்தது. வேறு யாராவது என்றால் அப்படியே எழுதிக் கொடுத்திருப்பார்கள். எனக்கு ஒப்பவில்லை. மாதிரியை நானே எடுக்க வேண்டும் என்று சொல்லி நேரில் போனேன்.

கொட்டகைக்குள் கால் வைத்ததும் நின்றுவிட்டேன். ஏழெட்டுப் பெண்கள் தரையில் உட்கார்ந்து, மூட்டையிலிருந்து பொடியைக் கரண்டியால் அள்ளிப் பொட்டலத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். வாயில் பழைய துப்பட்டாவைச் சுற்றியிருந்தார்கள். புருவமெல்லாம் வெள்ளை. புழுக்கத்துக்கு ஒரு பெரிய காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு மெல்லிய புகை எழும்பி, காற்றாடிக் காற்றில் அறை முழுக்கப் பரவியது. மூட்டைகளிலும் அதே பச்சை இலைப் படம், அதே ‘மூலிகை’ என்ற எழுத்து.

அவர்களில் மூத்தவர் பேச்சியம்மாள். நாற்பதைத் தாண்டிய பெண், கலகலவென்று பேசுவார். பக்கத்தில் மாரிச்செல்வி என்று ஓர் இளம்பெண் இருந்தாள். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். பேசும்போதே நெஞ்சுக்குள் விசில் அடிப்பதுபோல் கேட்டது. கேட்டதற்கு, “சின்னதுல இருந்தே இளைப்பு உண்டுக்கா” என்றாள்.

“காய்ச்சல் எப்ப வருது?” என்று பேச்சியம்மாளிடம் கேட்டேன்.

“திங்கக்கெழம சாயங்காலம் ஆச்சுன்னா எல்லாருக்கும் ஒடம்பு ஒதறும்க்கா. விடிஞ்சு எந்திச்சா ஒண்ணும் இருக்காது. செவ்வா, புதன் போவப் போவக் கொறைஞ்சிரும். ஞாயித்துக்கெழம வீட்ல கெடந்துட்டு வந்தா மறுபடியும் மொதல்ல இருந்து.”

“டாக்டர்ட்ட போனீங்களா?”

“மலேரியா, டைபாய்டு எல்லாம் பாத்தாச்சு. ஒண்ணுமில்லங்காவ.”

“வாய் எப்படி இருக்கும்?”

“இனிச்சுக்கிட்டே இருக்கும். தண்ணி குடிச்சாலும் இனிக்கும். காசை வாயில போட்டு ஒதுக்குன மாதிரி.”

என் அண்ணன் செங்கோட்டையில் வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தவன். துத்தநாகம் பூசிய தகட்டைப் பற்றவைத்த அன்று சாயங்காலம் அவனும் இப்படித்தான் போர்வைக்குள் நடுங்குவான், வாய் இனிக்கிறது என்பான், மறுநாள் எழுந்து வேலைக்குப் போவான். விடுமுறை முடிந்து திரும்பும் நாளில்தான் அதிகமாக வரும். பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த காய்ச்சல் அது. உலோகப் புகையை மூச்சில் இழுத்தால் வருவது. இங்கே நெருப்பும் இல்லை, பற்றவைப்பும் இல்லை. ஆனால் புகையைப் போலவே நுணுக்கமான பொடி, கரண்டி கரண்டியாக எழும்பிக்கொண்டிருந்தது.

“இது என்ன பொடின்னு உங்களுக்குத் தெரியுமா?”

“எல பொடிதானக்கா. மூட்டையிலேயே போட்டுருக்கே” என்றாள் மாரிச்செல்வி. “என் பிள்ளைக்கு வேர்க்குருவுக்குக் கூட கொஞ்சம் கொண்டுபோயித் தூவுனேன்.”

இனிமேல் தூவாதே என்று அவளிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

சங்கர் வெளியே நின்றிருந்தார். இந்தப் பொருளை இனிமேல் உலர்ந்த பொடியாகக் கையாளக் கூடாது, தயாரிக்கும் இடத்திலேயே தண்ணீரில் குழைத்துக் கூழாகக் கொண்டு வர வேண்டும், இந்தப் பெண்களுக்குச் சரியான முகக்கவசம் வேண்டும், எல்லாவற்றுக்கும் முதலில் இது என்ன என்று சொல்ல வேண்டும் என்றேன்.

“இது சீசன் நேரம் மேடம். இப்பப் போயி எல்லாத்தையும் மாத்தச் சொல்லுதீங்க. நான் கேட்டது தண்ணி ரிப்போர்ட்டு. அதை மட்டும் தாங்க.”

ஆய்வகத்துக்குத் திரும்பி, நான் எடுத்துவந்த தண்ணீரையும் சோதித்து அறிக்கை எழுதினேன். தண்ணீர் குடிக்கத் தகுந்தது என்று ஒரு வரி. காய்ச்சலுக்குத் தண்ணீர் காரணமில்லை, பொடியின் தூசியை ஆராய வேண்டும் என்று இன்னொரு வரி. எங்கள் ஆய்வக முதலாளி அதை வாங்கிப் பார்த்து, என் முன்னாலேயே இரண்டாவது வரியை அடித்தார்.

“அவன் கேட்டது தண்ணி. நாம தண்ணிக்குப் பதில் சொன்னாப் போதும்மா. கேக்காததுக்கெல்லாம் பதில் சொன்னா நம்மகிட்ட எவன் வருவான்?”

அவர் கெட்டவர் இல்லை. காலாவதியான மருந்து ஒன்றைக் கூட ஆய்வகத்தில் வைக்க விடமாட்டார். ஆனாலும் சொல்கிறேன், நம் தொழிலில் நடக்கிற அநியாயங்களில் பாதி பொய் சொல்லி நடப்பதில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் சரியான பதில் சொல்லித்தான் நடக்கிறது. அந்த அறிக்கையில் ஒரு எழுத்துகூடத் தப்பு இல்லை. அதை வாங்கிக்கொண்டு போய் சங்கர் பெண்களிடம், தண்ணீர் நன்றாக இருக்கிறது, உங்கள் காய்ச்சல் உங்கள் வீட்டிலிருந்து வருகிறது என்று சொல்லியிருக்கிறார்.

மறுநாள் நான் மீண்டும் கொட்டகைக்குப் போனேன். வாசலில் இருந்தவர் உள்ளே விடவில்லை. பேச்சியம்மாளிடம் முதல் தடவை போனபோதே என் போன் எண்ணைக் கொடுத்திருந்தேன். அவரை அழைத்து, பொடி இலையில்லை, மூச்சில் போகக் கூடாதது, குறிப்பாக மாரிச்செல்வி அங்கே இருக்கவே கூடாது என்று சொன்னேன். “அவ கேக்க மாட்டாக்கா. அவ வீட்டுக்காரன் படுத்துக் கெடக்கான், இந்த வேலைய வச்சுத்தான் ஓடுது” என்றார்.

அந்த வாரமே நடந்துவிட்டது. மதியம். சாரலோடு காற்றும் பலமாக அடித்ததால் கொட்டகைக் கதவுகளையெல்லாம் சாத்திவிட்டார்கள். மேலே அடுக்கியிருந்த மூட்டை ஒன்று சரிந்து விழுந்து கிழிந்தது. பொடியை வீணாக்காமல் பெருக்கி அள்ளச் சொல்லி மாரிச்செல்வியை உள்ளே அனுப்பியிருக்கிறார்கள். துடைப்பத்தால் பெருக்கியிருக்கிறாள், அடைத்த அறையில். பேச்சியம்மாள் என்னை அழைத்தபோது அவர்கள் ஆட்டோவில் தென்காசிக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

“அக்கா, வெரசா வாங்க. மூச்ச இழுக்க மாட்டேங்கா. ஒதடெல்லாம் நெறம் மாறுது.”

ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். பணியில் இருந்தவர் ஓர் இளம் பெண் மருத்துவர். கோபத்தில் அவர் முகம் சிவந்திருந்தது.

“என்ன பொடின்னு கேட்டா மூலிகைங்கிறாங்க. என்ன மூலிகைன்னா தெரியாதுங்கிறாங்க. ஓனருக்குப் போன் பண்ணினேன். வேப்பிலை, துளசி, மீதி கம்பெனி ரகசியமாம். நான் எதுக்கு மருந்து கொடுக்கிறது?”

ரகசியம். ஒரு பெண் மூச்சுக்காக மீனைப்போல் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு வைத்தியம் பார்க்கிறவரிடம் போனில் ரகசியம் என்று சொல்ல ஒருவருக்கு நாக்கு எழும்பியிருக்கிறது.

எனக்கு அந்த ரகசியம் தெரியும். சொல்ல மாட்டேன் என்று கையெழுத்தும் போட்டிருந்தேன். வாடிக்கையாளர் தருகிற பொருளில் என்ன இருக்கிறது என்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது நம் விதி. நீங்களும் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். சரியான விதிதான். அது இல்லாவிட்டால் எவரும் நம்மை நம்பிப் பொருள் தரமாட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஆய்வக முதலாளியும் அழைத்தார். சங்கர் அவரிடம் பேசியிருக்க வேண்டும்.

“நீ அங்க எதையும் சொல்லிராதம்மா. நாளைக்கு கேஸ்னு வந்தா ஆய்வகத்தையே மூடணும்.”

நான் தயங்கவே இல்லை என்று சொன்னால் அது வீம்பு. ஆய்வகத்தில் என்னை நம்பி வேலை பார்க்கிற பெண்களின் முகம் ஒரு கணம் வந்து போனது. பிறகு கட்டிலைப் பார்த்தேன். மாரிச்செல்வி என் பக்கம் தலையைத் திருப்பினாள். பேச முடியவில்லை, கண்ணால் கேட்டாள். போனை வைத்துவிட்டேன்.

“டாக்டர், அது துத்தநாக ஆக்சைடு. நானோத் துகள். அடைச்ச அறையில பெருக்கியிருக்கா. இவளுக்கு ஆஸ்துமாவும் உண்டு. மத்தவங்களுக்கு வாராவாரம் காய்ச்சல் வந்திருக்கு, உலோகப் புகைக் காய்ச்சல் மாதிரி.”

அவர் உடனே குறித்துக்கொண்டார். பிறகு செவிலியரிடம் திரும்பி, ஏற்கெனவே எழுதியதை அடித்துவிட்டு வேறு மருந்து எழுதினார். எங்கோ யாரையோ அழைத்து ஆலோசனை கேட்டார். நெஞ்சுப் படத்தில் நுரையீரல் வீங்கியிருப்பது தெரிந்தது. “கிருமித் தொற்றுன்னு நினைச்சு ஆரம்பிச்சேன். இப்பவாவது சொன்னீங்களே” என்றார்.

சங்கர் மாலையில் வந்தார். நோயாளியைப் பார்க்கவில்லை, நேராக என்னிடம் வந்தார்.

“என்ன மேடம் பண்ணி வச்சிருக்கீங்க? அது என்ன விசமா? பச்சப் பிள்ளைக்குப் பூசுத களிம்புல இருக்கு!”

“களிம்ப எவனும் மூக்கால இழுக்கதில்ல, தம்பி.”

“எம் பொருள டெஸ்ட் பண்ணுனதே நீங்கதான். நல்லா வேலை செய்யுதுன்னு சந்தோசப்பட்டதும் நீங்கதான!”

“கிருமி சாகுதான்னு கேட்ட, சாகுதுன்னு சொன்னேன். அள்ளுதவ பொழைப்பாளான்னு நீ கேக்கவே இல்லையே!”

என் சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. பேச்சியம்மாள் முன்னால் வந்து நின்றார். “மொதலாளி, எங்ககிட்ட இலைன்னு சொன்னீயளே. ஏன் சொன்னீய?” என்று மட்டும் கேட்டார். சத்தமே இல்லாமல்தான் கேட்டார். சங்கர் திரும்பி வெளியே போனார்.

மாரிச்செல்வி பிழைத்தாள். ஆனால் முழுசாகத் தேறவில்லை. வீட்டுக்குப் போன பிறகும் இருமல் விடவில்லை. குடத்தைத் தூக்கி நாலு வீடு நடந்தால் உட்கார்ந்துவிடுகிறாள். அதில் பழைய இளைப்பு எவ்வளவு, பொடி எவ்வளவு என்று மருத்துவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இந்தத் துகள்கள் நுரையீரலுக்குள் போய் நெடுநாளில் என்ன செய்யும் என்பது இன்னும் முழுமையாகத் தெரியாது என்று நேர்மையாகச் சொன்னார். தெரியாது என்பதற்கும் ஒன்றுமில்லை என்பதற்கும் வித்தியாசம் தெரிந்த மருத்துவர்.

என் பெயரிலேயே புகார் எழுதிக் கொடுத்தேன். அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது கொட்டகை கழுவி விட்டுக் காலியாகக் கிடந்தது. கழுவிய தண்ணீர் வெள்ளையாக வாய்க்காலில் ஓடியதைப் பேச்சியம்மாள் பார்த்திருக்கிறார். அந்த வாய்க்கால் எங்கே போய்ச் சேருகிறது, அதில் மீனும் தவளையும் என்ன ஆயின என்று கேட்க ஆளில்லை. சங்கர் இப்போது வேறு ஊரில், வேறு பெயரில் அதையே நடத்துகிறார் என்று கேள்வி. இலைப் படம் மட்டும் மாறவில்லையாம்.

ஆய்வக முதலாளி என்னிடம் மன்னிப்புக் கடிதம் கேட்டார். தரமாட்டேன் என்றேன். என்னை வேலையைவிட்டு அனுப்பவும் அவரால் முடியவில்லை, அந்தப் பிரிவில் கையெழுத்துப் போட வேறு ஆள் இல்லை. நான் ஓய்வு பெறும் வரை வேலையைத் தவிர ஒரு வார்த்தை என்னோடு பேசியதில்லை. ஆனால் நான் விடைபெறும் நாளில், வாடிக்கையாளர்களிடம் முதலில் கேட்கும் கேள்விகளோடு புதிதாக ஒன்றை அவர் சேர்த்திருந்ததைக் கவனித்தேன்: இந்தப் பொருளைக் கையாளுகிறவர்கள் யார், எந்த உருவில் கையாளுகிறார்கள்?  

இப்போது உங்களிடமும் நானோ என்று சொல்லிக்கொண்டு பலர் வருவார்கள். தாமிரம், டைட்டானியம், இரும்பு என்று விதவிதமாகக் கொண்டு வருவார்கள். அதில் சில உண்மையிலேயே உயிர் காக்கும். புண்ணுக்கு வைக்கிற துணியில், தண்ணீர் வடிகட்டியில் நல்லது செய்யும். அவர்களை விரட்டாதீர்கள். ஆனால் “செத்ததா?” என்ற கேள்விக்குப் பதில் எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடாதீர்கள். கிருமியின் உறையைக் கிழிக்கிற பொருள், நம் நுரையீரலின் மெல்லிய தோலுக்கு முன்னால் வந்ததும் கைகட்டி நிற்காது. பூசினால் என்ன, பொடியாகப் பறந்தால் என்ன, கழுவிவிட்டால் எங்கே போகும் என்று கேளுங்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று யாராவது சொன்னால், இந்த அம்மாவுக்கு வந்த கோபத்தில் கொஞ்சம் உங்களுக்கும் வரட்டும்.

போன மாதம் மாரிச்செல்வி என்னை அழைத்தாள். பேச்சுக்கு நடுவில் இருமிக்கொண்டாள்.

“அக்கா, டாக்டர்ட்ட அந்தப் பொடிக்கு ஒரு பேரு சொன்னீங்களே. என்னது அது?”

“எதுக்கும்மா?”

“செங்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில வேலைக்குக் கூப்பிடுதாவ. அங்கனயும் வெள்ளைப் பொடிதான். கேட்டா, சும்மா சுண்ணாம்புங்காவ.”

சொன்னேன். தகரக் கூரைக்குத் துருப்பிடிக்காமல் பூசுகிறார்களே, அந்த உலோகத்திலிருந்து வருவது என்றும் சொன்னேன். துத்தநாக ஆக்சைடு. அவள் இரண்டு தடவை திக்கித் திக்கிச் சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது தடவை சரியாக வந்தது.

“இம்புட்டு நாளா மூச்சுக்குள்ள போட்டுருக்கேன், பேரு இன்னைக்குத்தான் தெரியுது” என்றாள். பிறகு, “செரிக்கா. மொதல்ல அவ்வொ பொடியோட பேரச் சொல்லட்டும். பொறவு நான் மூட்டையப் பிரிக்கேன்.”